வாத்து முட்டை பொரியும் கடைசி மூன்று நாள்

இருபத்தைந்து நாள் நன்றாக வளர்ந்த குஞ்சு கடைசி மூன்று நாளில் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போவது வாத்தில் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான். முட்டை பொரிக்கும் மெஷினான இன்குபேட்டரில் ஈரப்பதம் தவறியிருக்கும், இல்லாவிட்டால் பாவம் பார்த்து யாராவது ஓட்டைச் சீக்கிரமே பிரித்திருப்பார்கள்.

சாதாரண வாத்து முட்டைக்கு 28 நாள். மணிலா வாத்து என்கிற மஸ்கோவிக்கு 35 நாள். கீழே சொல்லும் நாள் கணக்கு 28 நாள் முட்டைக்கானது. மஸ்கோவிக்கு ஏழு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

முட்டை வைப்பதற்கு முன்பே ஈரப்பத மீட்டரைச் சோதித்துவிடுங்கள். மலிவான மீட்டர்கள் கூசாமல் பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத கவரில் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால், இனி அது சொல்வதோடு ஏழைக் கூட்டிப் படியுங்கள்.

முதல் 25 நாளைப் பற்றிச் சுருக்கமாக: விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ், விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3. ஈரப்பதம் 55 முதல் 58. ஒரு நாளைக்கு மூன்று முறையோ ஐந்து முறையோ திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எதற்கு என்றால், அப்போதுதான் நீண்ட இராப்பொழுதில் முட்டை தினமும் ஒரே பக்கமாகக் கிடக்காது. பத்தாம் நாளிலிருந்து தினமும் ஒரு தடவை 10, 15 நிமிடம் மூடியைத் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளிக்கலாம். தாய் வாத்து இரைக்கு எழுந்து போய் நனைந்த இறகோடு திரும்புவதற்கு இது ஈடு. ஏழாம் நாள் டார்ச் அடித்தால் சிலந்திவலை போல நரம்பு தெரியும். தெரியாதது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடிக்கும், அந்த நாற்றம் மெஷினை விட்டுப் போகாது.

ஈரப்பதம் சரியா என்பதை மீட்டரைவிட முட்டையின் எடையே சரியாகச் சொல்லும். 25 நாளில் எடை 13 சதவீதம் அளவுக்குக் குறைய வேண்டும். 80 கிராம் முட்டை என்றால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேல். குறையவில்லை என்றால் உள்ளே ஈரம் தங்கி, அகன்ற முனையில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

25-ம் நாள் கடைசியாக டார்ச் அடிக்கும்போது, காற்றறையின் விளிம்பை ஓட்டின் மேல் பென்சிலால் சுற்றி வரைந்துவிடுங்கள். பின்னால் அவசரம் வந்தால் இந்தக் கோடுதான் கைகொடுக்கும். அதோடு திருப்புவதை நிறுத்தி, முட்டைகளைப் படுக்க வைத்து, ஈரப்பதத்தை 70-க்கு மேல் ஏற்றி, காற்றுத் துளைகளை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஈரப்பதத்துக்காக இன்குபேட்டருக்குள் வைக்கும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது கணக்கில்லை. மேற்பரப்பு அகலமாக இருக்க வேண்டும். நனைத்த ஸ்பாஞ்ச் ஒன்று வைத்தால் போதும். பிறகு மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரக்காற்று ஒரே நொடியில் வெளியேறும். ஓட்டில் துளை விழுந்த முட்டையின் சவ்வு காய்ந்து, காகிதம் போலக் குஞ்சின் மேல் ஒட்டி இறுகிவிடும். தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும் என்றால் காற்றுத் துளை வழியாகக் குழாய் விட்டு ஊற்றுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். முதலில் அலகு சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் வரும். டார்ச்சில் நிழல் அசைவது தெரியும், காதில் வைத்தால் கீச்சொலி கேட்கும். நுரையீரல் வேலை செய்யத் தொடங்குவது அப்போதுதான். அடுத்த ஒரு நாளுக்குள் ஓட்டில் நட்சத்திரம் போலக் கீறல் விழும். அதன் பிறகு 24 மணி நேரம், சில சமயம் 36 மணி நேரம்கூட ஒன்றுமே நடக்காது. எல்லாரும் பதறுவது இங்கேதான். ஆனால் குஞ்சு அந்த நேரத்தில் சவ்வு நரம்புகளில் ஓடும் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வேளையில் ஓட்டைப் பிரித்தால் ரத்தம் கொட்டும், தொப்புள் மூடியிருக்காது. வேலை முடிந்ததும் அதுவே சுற்றிவந்து ஓட்டை வட்டமாக வெட்டித் தள்ளிவிட்டு வரும்.

சரி, எப்போது கை வைக்கலாம்? காற்றறைக்குள் அலகு வந்து 24 மணி நேரம் ஆகியும் ஓட்டில் கீறல் இல்லையென்றால், பென்சில் கோட்டுக்குள், அகன்ற முனையின் உச்சியில், சுத்தம் செய்த ஊசிமுனையைக் கையால் திருகி ஒரு குண்டூசித் தலை அளவு துளை போடுங்கள். மூச்சுக்கு அது போதும்.

கீறல் விழுந்து 36 மணி நேரம் தாண்டியும் நகரவில்லை, அல்லது சவ்வு பழுப்பாகக் காய்ந்துவிட்டது என்றால், பென்சில் கோட்டுக்குள் உள்ள ஓட்டை மட்டும் சிறு துண்டுகளாக எடுங்கள். காட்டன் பட்ஸை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சவ்வில் தடவினால் அது கண்ணாடி போலத் தெளியும். மூக்குத் துளையில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. சிவப்பு நரம்பு தெரிந்தால் அத்தோடு நிறுத்துங்கள். சவ்வில் மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, திரும்ப உள்ளே வைத்து, ஐந்தாறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். குஞ்சு வாயைத் திறந்து திறந்து மெல்லுவது போலச் செய்தாலும் மஞ்சள் கரு இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். நரம்பெல்லாம் வற்றிய பிறகு, தலையை மட்டும் விடுவித்துவிட்டு, உடம்பை ஓட்டுக்குள்ளேயே விடுங்கள். அது தானே உதைத்துக்கொண்டு வரட்டும். இழுத்தால் தொப்புள் கிழியும்.

குறுகிய முனையில் கீறல் விழுந்த முட்டையில் இன்னும் கவனம் தேவை. அந்தப் பக்கம் காற்றறை கிடையாது, நரம்புகள் கடைசிவரை உயிரோடு இருக்கும். மூச்சுத் துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பது தவிர வேறு வழியில்லை.

வெளியே வந்த குஞ்சு புசுபுசுவென்று காயும்வரை இன்குபேட்டரிலேயே இருக்கட்டும். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு ஒரு நாளைக்கு மேல் தாங்கும். பிறகு 32 டிகிரி சூடுள்ள பெட்டி, தரையில் சொரசொரப்பான துணி. செய்தித்தாள் வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் மூக்கு நனையும் ஆழம் இருக்க வேண்டும், நீந்தும் ஆழம் கூடாது. தாயில்லாமல் பொரிந்த குஞ்சின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்காது, நனைந்தால் விறைத்துவிடும். கோழிக்குஞ்சுத் தீவனம் கொடுப்பதானால் ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்துவிடுங்கள்; வாத்துக்கு நியாசின் என்கிற வைட்டமின் பி3 கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும்.