கோபால்ட் இரண்டு படியில்தான் உலோகமாகிறது

என் ஆய்வு முழுக்க ஒரு கறுப்புப் பொடியைச் சுற்றித்தான். அலுமினாவின் மேல் ஏற்றிய கோபால்ட் ஆக்சைடு. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து டீசல், மெழுகு தரும் ஃபிஷர்-டிராப்ஷ் வினைக்கான வினையூக்கி இது. ஆக்சைடாக இருக்கும்வரை பயனில்லை. ஹைட்ரஜனில் சூடாக்கி, ஆக்சிஜனை நீக்கி உலோகமாக ஒடுக்க வேண்டும்.

லேபில் முதலில் டி.பி.ஆர். (வெப்பத்தைச் சீராக ஏற்றியபடி ஒடுக்கும் சோதனை) எடுப்போம். சூடு ஏற ஏற எவ்வளவு ஹைட்ரஜன் செலவாகிறது என்று அது காட்டும். முதலில் சின்ன மேடு, பிறகு அகலமாகப் பரந்த பெரிய மேடு. இந்த ஆக்சைடில் மூன்று கோபால்ட்டுக்கு நான்கு ஆக்சிஜன். முதலில் ஒன்று போகிறது, பிறகு மூன்று என்று கணக்குப் போடலாம். ஆனால் தயாரிப்பில் மிஞ்சிய நைட்ரேட்டும் ஹைட்ரஜனைத் தின்னும். செலவான ஹைட்ரஜன் எதற்குப் போனது என்று டி.பி.ஆர். சொல்லாது.

அதற்குத்தான் இந்தூரின் இண்டஸ்-2 போன்ற சிங்க்ரோட்ரான், அதாவது மிகச் செறிவான எக்ஸ்-கதிர் தரும் முடுக்கி, வேண்டும். பொடியை அளவீட்டுக் கலத்தில் வைத்து, ஹைட்ரஜன் ஓட, சூடேற்றிக்கொண்டே 7,709 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி எக்ஸ்-கதிர் உறிஞ்சலை அளக்கிறோம். உறிஞ்சல் திடீரென ஏறும் இடம்தான் விளிம்பு. அது முதலில் குறைந்த ஆற்றல் பக்கம் நகரும், அதன் உச்சி உயரும்: கோபால்ட் மோனாக்சைடு வந்துவிட்டது. அடுத்து உச்சி சரியும், விளிம்பின் தொடக்கத்தில் ஒரு தோள் எழும். அதுதான் உலோகம். எனக்கு மிகவும் பிடித்தது, அடுத்தடுத்த நிறமாலைகள் (உறிஞ்சல் வரைகோடுகள்) எல்லாம் ஒரே புள்ளிகளில் வெட்டிக்கொள்வது. அங்கே இரண்டு நிலைகள் மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகின்றன என்று பொருள். இரண்டாவது படி தொடங்கியதும் வெட்டும் புள்ளிகளும் இடம் மாறும்.

அந்த இரண்டாவது படிதான் இழுத்தடிக்கும். அலுமினாவை இறுகப் பற்றிய சின்னத் துகள்கள் 350 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்தாலும் முழுதாக ஒடுங்குவதில்லை. துளி பிளாட்டினம் சேர்த்தால் அதன்மேல் ஹைட்ரஜன் பிளந்து கோபால்ட்டுக்குப் பரவும். ஒடுக்கம் குறைந்த வெப்பத்திலேயே நடக்கும்.

ஒடுக்கி முடித்து, காற்றில் வெளியே எடுத்து அளந்த முடிவுகளை நான் நம்புவதில்லை. காற்று பட்டதும் மேற்பரப்பு மறுபடி ஆக்சைடாகிவிடும். ஒடுக்கம் நடக்கும்போதே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்து சிங்க்ரோட்ரானின் பீம்லைனில் (கதிர் வந்து சேரும் அளவீட்டு நிலையத்தில்) நேரம் கிடைத்தால் ஹைட்ரஜனோடு கொஞ்சம் நீராவியும் விடப்போகிறேன். ஒடுக்கத்தில் நீர் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. அது சின்னத் துகள்களை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.