அப்பாரு நோட்டில் இருந்த ௵ ௴ ௳

கொழிஞ்சாம்பாறை வீட்டுப் பரணில் கிடந்த எங்கள் அப்பாருடைய (தாத்தாவுடைய) பற்று வரவு நோட்டை முழுக்கக் கணினியில் ஏற்றிவிட்டேன். தமிழைத் தட்டச்சு செய்வது பெரிய வேலையே இல்லை. நாள்களைத் தின்றது அதில் இருந்த குறிகள்தான். அதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா அன்றைக்குக் கொச்சி சமஸ்தானம். அதனால் நோட்டில் எழுத்து தமிழ், ஆண்டுக் கணக்கு கொல்லம், அதாவது மலையாள ஆண்டு. ஒரு பக்கம் "௲௱௮ ௵ சித்திரை ௴ ௫ ௳" என்று தொடங்கும். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. முதலில் இருப்பவை ஆயிரம், நூறு, எட்டு. கொல்லம் 1108, நம் கணக்குக்கு 1933 ஏப்ரல். "வருடம், மாதம், தேதி என்று விரித்து அடித்துவிடலாமே" என்றார் டி.டி.பி. கடை அண்ணன். குறியைப் படமாக வெட்டி ஒட்டலாம் என்றான் பெரியப்பா பேரன். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. அப்பாரு எப்படி எழுதினாரோ அப்படியே இருக்க வேண்டும். படமாக ஒட்டினால் தேடவும் முடியாது.

இந்தக் குறிகள் 2003லேயே யூனிக்கோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், சேர்ந்துவிட்டன. விண்டோஸில் 'கேரக்டர் மேப்' திறந்து, எழுத்துருவாக நிர்மலா யூஐயைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். குறியைத் தொட்டால் கீழே அதன் எண் வரும். அந்த எண்ணை வேர்டில் அடித்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் குறி வந்துவிடும். ஆனால் அது பதினாறடிமான எண், நடுவே ஆங்கில எழுத்து கலந்திருக்கும். தமிழ் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் ஆங்கிலத்துக்கு மாறித் திரும்புவது கை ஓட்டத்தையே கெடுத்துவிடுகிறது.

எனக்குச் சரிப்பட்டது பதின்ம எண், அதாவது அதே எண்ணின் நாம் வழக்கமாக எழுதும் வடிவம். கால்குலேட்டரின் புரோகிராமர் பகுதியில் மாற்றி எடுத்தேன். ஆல்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு 3059 அடித்தால் ௳, 3060க்கு ௴, 3061க்கு ௵. தொடர்ந்து 3062 பற்று ௶, 3063 வரவு ௷, 3064 மேற்படி ௸, 3065 ரூபாய் ௹. தமிழ் எண்கள் 3047இல் ௧ என்று தொடங்கி 3055இல் ௯ வரை; பத்து, நூறு, ஆயிரம் அடுத்த மூன்று. வலப்பக்க எண் பலகையில், 'நம் லாக்' (Num Lock) விசையைப் போட்டு அடிக்க வேண்டும். மேல் வரிசை எண்களுக்கு வராது. மடிக்கணினியில் அந்தப் பலகை இல்லாதவர்கள் தனியாக ஒன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இது வேர்டுக்கான வழி. எல்லா மென்பொருளிலும் இதே எண் இதே குறியைத் தராது.

பேரன் ௹ இருந்த இடத்தில் ₹ போடச் சொன்னான். ₹ வந்தது 2010இல். 1933ஆம் ஆண்டுக் கணக்கில் அதைப் போடுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

போனில் அடிக்க எளிய வழி இருக்கிறது. கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு அமைப்புகளில் அகராதி, அதற்குள் தனிப்பட்ட அகராதி, அதில் தமிழ். சொல்லாக ௵ ஒட்டி, குறுக்குவழியாக 'வரு' என்று கொடுத்துவிட்டேன். இப்போது 'வரு' என்றதும் மேலே பரிந்துரையாக ௵ நிற்கிறது. ஐபோனில் அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' அதே வேலையைச் செய்யும்.

அதிகம் அலைக்கழித்தவை பின்னங்களும் நெல், நன்செய் போன்ற குறிகளும்தான். இவை 2019இல்தான் யூனிக்கோடு 12இல் சேர்ந்தன. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவை நிறுவிய பிறகு என் கணினியில் அழகாகத் தெரிந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை போனுக்கு அனுப்பினால் வெறும் கட்டங்கள். அந்த எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். பி.டி.எஃப். ஆக்கி எழுத்துருவையும் உள்ளே பதித்து அனுப்பியதும் அத்தை வரி வரியாகப் படித்தார்.

இப்போது கோப்பில் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ௶ என்று தேடினால், அப்பாரு யார் யாருக்கு நெல்லும் பணமும் கொடுத்தார் என்பது பக்கம் பக்கமாக வந்து நிற்கிறது. அடுத்து சின்ன அப்பாரு வீட்டு நோட்டை எடுத்திருக்கிறேன். அதில் ௸ தான் அதிகம்.