சோயா வயலும் ஓக் தோப்பும்: ஐந்தாம் ஆண்டு நிலவரம்

விஸ்கான்சினின் தென்மேற்கில், பனியாறுகள் மூடாமல் விட்ட டிரிஃப்ட்லெஸ் பகுதியில் இருக்கிறது எங்கள் நிலம். கீழே ஆறு ஏக்கர் சோயா வயல், மேலே சரிவில் புதர் மண்டிய ஓக் தோப்பு. வயலைப் பழையபடி பிரேரிப் புல்வெளியாக்க வேண்டும், தோப்பை ஓக் சவானாவாக்க வேண்டும். சவானா என்றால் காடு அல்ல. ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். அடியில் வெயில் விழும். அந்த வெயிலில் புல்லும் பூச்செடிகளும் வளரும். இந்த மாநிலத்தில் முன்பு இருந்த பிரேரியிலும் சவானாவிலும் இன்று மிஞ்சியது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிரேரியை ஏர் தின்றது. சவானாவை நிழல் தின்றது. இங்கிருந்த ஹோ-சங்க் பழங்குடி மக்கள் இந்தச் சரிவுகளுக்குத் தீ வைத்து வந்தார்கள். குடியேறியவர்கள் அதை நிறுத்தியதும் புதர் ஏறிவிட்டது.

வயல் வேலை நினைத்ததைவிடச் சுலபம். சோயா அறுத்த நிலத்தில் களை குறைவு, தாளும் மெலிசு, உழவே தேவையில்லை. டிசம்பரில், லேசான பனி விழுந்த மறுநாள், விதையை ஈர மரத்தூளில் கலந்து கையால் வீசினோம். பனிமேல் விழுவதால் விட்டுப்போன இடம் பளிச்சென்று தெரியும். மண் உறைந்து இளகி, உறைந்து இளகி, விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பல பிரேரி விதைகளுக்கு அந்தக் குளிர் பட்டால்தான் முளைப்பே.

யாராவது தொடங்குவதாக இருந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: புல் விதையைக் குறையுங்கள். புல் விதை மலிவு, பூ விதை கொள்ளை விலை. அதனால் புல்லை அள்ளிப் போடத் தோன்றும். பிக் புளூஸ்டெம் என்ற பிரேரிப் புல் ஆள் உயரத்துக்கு மேலே போகும். கொஞ்சம் இடம் கொடுத்தால் பூச்செடிகளை நெருக்கித் தள்ளிவிடும். நாங்கள் அதைப் பெயருக்குத்தான் சேர்த்தோம், குட்டையான லிட்டில் புளூஸ்டெம் புல்லை அதைவிடக் கொஞ்சம் அதிகமாக. அப்படியும் தென்கிழக்கு மூலையில் பிக் புளூஸ்டெம்மின் ராஜ்ஜியம்தான்.

முதல் ஆண்டு பார்க்கச் சகிக்காது. ஃபாக்ஸ்டெயில், ராக்வீட் களைகள் முழங்கால் உயரம் வந்தபோதெல்லாம் ஆறேழு அங்குலம் விட்டு வெட்டினோம். பிரேரி நாற்றுகள் அந்த உயரத்துக்குக் கீழே இருந்து வேர்தான் விடும். பக்கத்து நிலக்காரர், "எப்போது உழப்போகிறீர்கள்?" என்று அக்கறையாகவே கேட்டார். இரண்டாம் ஆண்டு வயல் முழுக்க பிளாக்-ஐட் சூசன் பூ, ஒரே மஞ்சள். அப்புறம் பெர்கமட் பூத்தது, வண்டுக்கும் தேனீக்கும் கொண்டாட்டம். காம்பஸ் பிளான்ட் என்ற பூச்செடி மட்டும் இன்னும் இலைதான். உள்ளங்கையைவிடப் பெரியது, ஆழமாகக் கிழிந்தது, சொரசொரப்பு. முகங்களைக் கிழக்கும் மேற்கும் காட்டி, விளிம்பை வடக்கு தெற்காக வைத்து நிமிர்ந்து நிற்கும். பூக்க இன்னும் சில வருடம் ஆகும். வேர் பத்தடிக்கு மேல் இறங்குகிற செடி, அவசரப்படாது.

உண்மையான வேலை மேலே தோப்பில். பக்தார்ன் என்ற புதருக்குள் நுழைந்து பார்த்தால் நடுவில் பர் ஓக் வகை மரம் ஒன்று. அடித்தண்டில், நெஞ்சுயரத்தில், தொடை கனத்தில் ஒரு கிளை தரைக்கு இணையாக நீண்டு பட்டுப்போயிருந்தது. நெருக்கமான காட்டில் வளர்ந்த ஓக் அப்படிக் கிளை விடாது. அந்த மரம் திறந்த வெயிலில் வளர்ந்தது, பிறகு வந்த நிழல் அந்தக் கிளையைக் கொன்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பக்தார்னை நவம்பரில் பிடிப்பதே வசதி. மற்றதெல்லாம் இலை உதிர்த்த பிறகும் அது பச்சையாக நிற்கும், தேட வேண்டாம். அறுத்த கையோடு வெட்டுமுகத்தில் களைக்கொல்லி தடவ வேண்டும். காய விட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். செயின்சா ஒருவர், மருந்துக் குப்பி ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். குவித்ததைப் பனிமேல் எரித்தோம்.

ஏப்ரலில் தரைத்தீ. அனுமதி வாங்கி, ஈரப்பதமும் காற்றும் பார்த்து, காற்று போகும் திசையின் ஓரத்தில் முதலில் வைத்து, எதிர்க்காற்றில் மெல்ல எரியவிட்டு, கறுத்த பட்டை அகலமானதும்தான் மற்றப் பக்கம் பற்றவைக்க வேண்டும். பருத்தித் துணி, தோல் பூட்ஸ். நைலான் உருகி ஒட்டும். ஓக் இலை சுருண்டு காய்வதால் காற்றுப் புகுந்து நன்றாகப் பற்றும். மேப்பிள் இலை படிந்து ஈரமாகவே கிடக்கும், அந்த இடத்தில் தீ அணைந்துவிட்டது. பர் ஓக்கின் தக்கை போன்ற தடித்த பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. காய்ந்த தண்டுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்காக மூன்றில் ஒரு பங்குதான்.

மே மாதம் கருகிய தரையில் பென்சில்வேனியா செட்ஜ் என்ற புல் போன்ற செடி தானாக வந்தது. நாங்கள் விதைத்ததே இல்லை, நிழலில் எங்கோ ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. கூடவே கார்லிக் மஸ்டர்ட் களையும் வந்தது, அது வராமலா! அதைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். வயலோரக் காட்டு பார்ஸ்னிப் செடி இன்னும் மோசம்: சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம். முழுக்கை சட்டை இல்லாமல் யாரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை.

இந்த நவம்பரில் தோப்பின் வடக்குப் பக்கம். அங்கே பக்தார்ன் மணிக்கட்டு கனம்தான், கைரம்பமே போதும். தென்கிழக்கு மூலைக்கு லூஸ்வர்ட் விதை தேடிக்கொண்டிருக்கிறேன். அது பக்கத்துச் செடிகளின் வேரை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. புல்லின் கொட்டத்தை அடக்கும் என்கிறார்கள். கிடைத்தால் டிசம்பரில் தூவிவிட வேண்டியதுதான்.