கணவர் டெக்சாஸில், நான் சேலத்தில்: கூட்டாக வரிக் கணக்கு தாக்கல் செய்த அனுபவம்

நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பணிபுரிகிறேன். என் கணவர் எச்-1பி விசாவில் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய இந்தியச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே, அமெரிக்காவில் அது முடியும், அதுவும் நான் அந்த நாட்டில் கால் வைக்காமலேயே முடியும் என்று அவர் சொன்னபோது எங்கள் ஆடிட்டரே சற்றுத் தயங்கினார்.

முடியும்தான், ஆனால் சும்மா முடியாது. ஆண்டின் கடைசி நாளில் தம்பதியரில் ஒருவர் அமெரிக்க வரிச் சட்டப்படி அங்கு வசிப்பவராகவும் மற்றவர் வசிக்காதவராகவும் இருந்தால், இருவரையும் ஆண்டு முழுவதும் வசிப்பவர்களாகவே கருதும்படி இருவரும் கையொப்பமிட்டு எழுதிக்கொடுக்கலாம். அப்படிக் கொடுத்துவிட்டால் கூட்டாகத் தாக்கல் செய்யலாம்; ஆனால் சேலத்தில் எனக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கணக்கில் ஏறும். வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் நிலையான கழிவு, 2024ஆம் ஆண்டுக்கு, மணமானவர் தனியாகத் தாக்கல் செய்தால் 14,600 டாலர், கூட்டாகச் செய்தால் 29,200 டாலர். என் வரவையும் சேர்த்த பிறகு இந்த ஆதாயத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதையே முதலில் பார்த்தோம். எங்கள் விஷயத்தில் மிஞ்சியது.

சம்பளத்தில் சிக்கல் இல்லை. இங்கே கட்டிய வரியை அங்கே உரிய வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். வைப்புத்தொகை வட்டிதான் அலைய வைத்தது. வங்கி தரும் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குமானது, அமெரிக்க வரி ஆண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. காலாண்டுவாரியாக வரவு வைத்த பக்கங்களை எடுத்து, நானே கூட்டி, அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தில் டாலராக்கினேன்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது ஏற்காட்டில் என் பெயரில் இருக்கும் சிறு காபித் தோட்டம். காயவைத்த பழத்தையும் மிளகையும் வியாபாரியிடம் அப்படியே விற்கிறோம். விவசாய வருமானம் என்பதால் இந்தியாவில் அதற்கு வரி இல்லை. அமெரிக்காவுக்கு அந்த விலக்கெல்லாம் பொருட்டில்லை. அந்த வரவுக்கென இங்கே கட்டிய வரியும் இல்லாததால், கழித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆனால் செலவுகளைக் காட்டலாம். கவாத்துக் கூலி, உரம், பழம் பறித்த கூலி என்று மேஸ்திரி பென்சிலில் எழுதிவைத்திருந்த சிட்டையைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து ஆங்கிலத்தில் பட்டியலிட்டேன். டெக்சாஸில் வரி கட்ட ஏற்காட்டுச் சிட்டை எதற்கு என்பதை மேஸ்திரிக்கு விளங்கவைக்க மட்டும் என்னால் முடியவில்லை.

எனக்கு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. அதனால் டபிள்யூ-7 படிவத்தை நிரப்பி, வரிக் கணக்கோடு இணைத்து, அதற்குப் பதிலாக வரிக்கென்று தரப்படும் ஐ.டி.ஐ.என். எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூடவே அசல் பாஸ்போர்ட்டையோ, அதை வழங்கிய அலுவலகம் சான்றளித்த நகலையோ அனுப்பச் சொல்கிறார்கள். விசாவுக்குத் தேவைப்படும் பாஸ்போர்ட்டைக் கடல் கடந்து அனுப்ப எனக்கு மனமில்லை. ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த சான்றளிப்பு முகவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் நாடுவாரியாக இருக்கிறது. பெங்களூருவில் ஒருவர் அசலைச் சரிபார்த்து உடனே கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் அந்த வழியையே சொல்வேன். ஆதாரில் தலைப்பெழுத்தோடும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடும் இருப்பவர்கள், படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுவது நல்லது.

சேலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கு தனி விவகாரம்; அமெரிக்காவைப் பொறுத்தவரை அது வெளிநாட்டுக் கணக்கு. கணவருடைய வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால், அவற்றைத் தெரிவிக்கும் எஃப்பார் எனும் அறிக்கையை அவர் தனியே தாக்கல் செய்ய வேண்டும்; இது வரிக் கணக்கோடு போவதில்லை.

ஐ.டி.ஐ.என். எண் வருவதற்கு வழக்கமாக ஏழு வாரங்கள், தாக்கல் பருவத்திலோ வெளிநாட்டிலிருந்து அனுப்பினாலோ ஒன்பது முதல் பதினொரு வாரங்கள் என்கிறது ஐ.ஆர்.எஸ். வந்த பின்பு அடுத்த ஆண்டுக் கணக்கை இணையவழியிலேயே அனுப்பலாம். இருவரையும் வசிப்பவர்களாகக் கருதும்படி எழுதிக்கொடுத்த விருப்பம் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். ஒருமுறை விலக்கிக்கொண்டால் இருவரில் எவருக்கும் மறுபடி அதற்கு வழியில்லை. ஆகவே, நிலத்தையோ வீட்டையோ விற்கும் எண்ணமுள்ளவர்கள் அந்த ஆண்டின் வரவையும் போட்டுப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.