கட்டிக்குள் நியூட்ரோபில்: கொழும்பு ஆய்வுகூடக் குறிப்புகள்

2025 யூன் 3, செவ்வாய்

நுணுக்குக்காட்டியில் பெருங்குடல் புற்றுநோய் வில்லைகள். வழக்கமான சாயத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளைக் குருதிக்கலம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: கருவில் மூன்று முதல் ஐந்து மடல்கள், இடையே நூல் போன்ற இணைப்பு. கட்டியின் நடுவில், இழையம் செத்துக் கிடக்கும் இடத்தில்தான் தொல்லை. சிதைந்த கருத் துணுக்குகள் அச்சு அசல் அப்படியே தெரிகின்றன. அங்கே கண்ணை மட்டும் நம்பி எண்ணக்கூடாது.

யூன் 5, வியாழன்

நியூட்ரோபிலின் மேற்பரப்பிலுள்ள சிடி66பி என்ற புரதத்தில் ஒட்டிப் பழுப்பாகக் காட்டும் பிறபொருளெதிரி இட்ட வில்லைகள் வந்துவிட்டன. இயோசினோபில்கள் என்ற வேறு வெள்ளைக் குருதிக்கலங்களும் இதில் பழுப்பாகும்; குடலிலோ அவை தாராளம். பக்கத்து வெட்டுத்துண்டில் இரு மடல் கருவும் செம்மஞ்சள் மணிகளும் கொண்டவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். கண் வலித்தாலும் வேறு வழியில்லை.

"அக்கா, இவை என்1 வகையா, என்2 வகையா?" என்று பயிற்சிக்கு வந்த தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அந்தப் பெயர்கள் 2009இல் எலிக் கட்டிகளில் நடந்த ஆய்விலிருந்து வந்தவை: டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தடுத்ததும் கட்டியைத் தாக்கும் நியூட்ரோபில்கள் பெருகின, அவை என்1. கட்டிக்குத் துணைபோகும், ஆர்ஜினேஸ் என்ற நொதியம் மிகுந்தவை என்2. மனிதக் கட்டியில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் ஒற்றைச் சுட்டி கிடையாது. அறிக்கையில் அப்படி எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

யூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறை. வெள்ளவத்தை வீட்டில் 2024ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை மறுபடி படித்தேன். எலிகளின் கணையக் கட்டிக்குள் முதிர்ந்த நியூட்ரோபில்களும் முதிராதவையும் நுழைகின்றன. இரண்டுமே கடைசியில் டி3 என்ற ஒரே நிலைக்கு வந்து சேர்கின்றன. ஒட்சிசன் குறைந்த பகுதியில் தங்கி, நெடுநாள் வாழ்ந்து, புதிய குருதிக்கலன்கள் முளைக்க உதவுகின்றன. கலம் எங்கே இருக்கிறது என்பதை எழுதாத எண்ணிக்கையால் என்ன பயன்?

யூன் 12, வியாழன்

காலி வீதி நெரிசலில் குருதி மாதிரி மாலையில்தான் வந்தது. குருதியை அடர்த்திப் படிவுத் திரவத்தின் மேல் இட்டுச் சுழற்றினால் நியூட்ரோபில்கள் அடியில் இறங்க வேண்டும். இன்று மேலே நிற்கும் ஒற்றைக்கருக் கலங்களின் அடுக்கிலும் நிறைய நின்றன. நோயாளியிடம் உண்மையிலேயே அடர்த்தி குறைந்தவை இருக்கலாம். ஆனால் காத்துக்கிடந்த குருதியிலும் அவை கூடும். முதிர்ந்த கலத்தில் மிகுந்திருக்கும் சிடி16 என்ற மேற்பரப்புப் புரதத்தைச் சாகும் கலம் உதிர்த்துவிடுவதால் முதிர்ந்ததும் முதிராததுபோல் தோன்றும். லொக்ஸ்-1 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பார்ப்பதற்கும் புதிய குருதியே வேண்டும்; உறைய வைத்தால் இக்கலங்கள் பிழைப்பதில்லை.

இந்த மாதிரியை ஒதுக்கிவிட்டேன். அடுத்ததை எடுக்கும் நேரத்தைக் குழாயிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.