இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச் இருந்தது

பையனுக்கு லைசென்ஸ் வந்து மூன்று நாள் ஆகிறது. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் எல்லா அலைச்சலும் என் தலையில். சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன். பதினெட்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதே வரிசையில் நிற்கப்போகிற யாருக்காவது இரண்டு நடை மிச்சமாகும்.

இந்தப் பேச்சு அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போதே தொடங்கிவிட்டது. "பதினாறுலயே லைசென்ஸ் தர்றாங்கம்மா, கூடப் படிக்கிறவன் எல்லாம் வண்டியிலதான் வர்றான்." பாதி உண்மை. 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டும். நம் வீட்டு வாசல்களில் நிற்கும் ஸ்கூட்டர் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். 50 சிசி வண்டியை எந்த ஷோரூமில் போய்த் தேடுவது? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவைப் படித்துக் காட்டினேன். வயது வராத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. நான் ஜெயிலுக்குப் போவது பற்றி அவனுக்குப் பெரிய கவலை இல்லை. 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது என்ற வரியில்தான் வாயை மூடினான்.

பதினெட்டு முடிந்த வாரமே எல்எல்ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, உட்கார்ந்தோம். பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் ஆதார் கொடுத்தால் வீட்டிலிருந்தே தேர்வு எழுதிவிடலாம் என்றார்கள். எழுதலாம்தான், ஆதாரோடு இணைத்த செல்போன் உயிரோடு இருந்தால். அவனுக்கு ஆதார் எடுத்தபோது கொடுத்தது என் பழைய நம்பர். அது செத்து நான்கு வருடம் ஆகிறது. ஓடிபி யாருக்குப் போனதோ! ஆதார் மையத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போய், டோக்கன் வாங்கி, நம்பரை மாற்றி, அது பதிவாகும் வரை காத்திருந்து, அப்புறம்தான் மறுபடி ஆரம்பம். போனதுதான் போனோம், பெயரையும் பார்த்திருக்கலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். விண்ணப்பம் ஆதாரில் உள்ளதைத்தான் இழுத்துக்கொண்டது. எங்களால் அதில் கைவைக்க முடியவில்லை. நாளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது இது எங்கே போய் இடிக்குமோ. நீங்களாவது முதலிலேயே சரிசெய்துவிடுங்கள்.

இன்னொன்று, வண்டி வகை. ஸ்கூட்டர்தானே ஓட்டப்போகிறான் என்று 'கியர் இல்லாதது' என்பதைத் தொட்டுவிடாதீர்கள். கியர் உள்ள பைக்குக்கு வாங்கினால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். திருப்பிப் போட்டால் நடக்காது. நாங்கள் கியர் பைக், கார் இரண்டையும் ஒரே எல்எல்ஆரில் போட்டோம். தேர்வுக்கு முன் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்று ஓடுகிறது. பையன் சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு கையில் போனை எடுத்தான். அடுத்த அறையிலிருந்து வந்து மறுபடி முதலிலிருந்து பார்க்கவைத்தேன். தேர்வில் தேறினான்.

இனி டிரைவிங் ஸ்கூல். பெயர் வேண்டாம். இருபது வகுப்பு, வகுப்புக்கு அரை மணி நேரம். பதின்மூன்று வகுப்பு முடிந்ததும், "நல்லா ஓட்டுறேன்மா" என்றான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் பழைய ஆல்டோவை எடுத்து, எல் போர்டு ஒட்டி, ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் சாவியைக் கொடுத்தேன். ஒரு குலுக்கல், ஆஃப். மறுபடி, ஆஃப். ஐந்தாவது முறை கார் தவளை போலத் தாவி நின்றது. "ஸ்கூல் கார்ல இப்படி ஆகவே ஆகாதும்மா, நம்ம வண்டிலதான் ஏதோ பிரச்சினை."

மறுநாள் நானும் வருகிறேன் என்று அந்தக் காரின் பின்சீட்டில் ஏறினேன். ஏற்கெனவே இரண்டு பேர் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் மூன்று பங்கானது அப்போதுதான் தெரிந்தது. பையன் வண்டியை எடுத்தான். அல்வா மாதிரி நகர்ந்தது. சீட் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். பயிற்சியாளர் ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கால் இரண்டையும் தன் பக்கத்துப் பெடல்களில் வைத்திருந்தார். பயிற்சிக் காரில் இடது பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. ஆபத்துக்கு உதவத்தான் அது. இவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, பையன் கியரில் கை வைக்கும்போதெல்லாம் அலுங்காமல் கிளட்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார். பதின்மூன்று நாளாக என் பிள்ளை ஸ்டியரிங் மட்டும்தான் பிடித்திருக்கிறான்.

இறங்கியதும் கேட்டேன். "முதல்ல தம்பிக்கு ஸ்டியரிங் செட் ஆகட்டும்னுதான் மேடம்." பதினான்காவது வகுப்பிலா? மீதி ஆறு வகுப்புக்கு உங்கள் கால் பிரேக் மேல் மட்டும் இருக்கட்டும், கிளட்ச் அவனுடையது என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் கேட்டார். அந்த ஆறு நாளில் கார் நாற்பது முறையாவது நின்றிருக்கும். பின்சீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கழுத்து வலி. பணம் கட்டும் முன் ஒருநாள் நீங்களும் பின்னால் ஏறி உட்காருங்கள். வேறெதையும் கேட்க வேண்டாம், அவர் காலைப் பாருங்கள்.

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியும். அதற்குள் ஓர் ஏஜென்ட், "மேலே கொஞ்சம் ஆகும், எட்டுப் போடவே வேண்டாம்" என்று வலை வீசினார். பைக் தேர்வில் எட்டு வடிவத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக்காட்ட வேண்டும், அதைத்தான் சொன்னார். பையன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததோடு சரி.

தேர்வு நாளில் என் தம்பி பைக்கைக் கொண்டுபோனோம். ஆர்சி இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டுத் தலை நிமிராமல், "பொல்யூஷன் முடிஞ்சு நாலு நாள் ஆச்சு" என்றார். தேர்வுக்குக் கொண்டுபோகும் வண்டிக்குப் புகைச் சான்று கேட்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பக்கத்துப் பெட்ரோல் பங்குக்கு ஓடினோம். சர்வர் வேலை செய்யவில்லை. காத்திருந்து சான்றை எடுத்துக்கொண்டு திரும்பியபோது தேர்வு முடிந்து மைதானம் காலி. "ஐந்து நிமிஷம்தான் சார்" என்று கெஞ்சியதற்கு, "அடுத்த ஸ்லாட் போட்டு வாங்க." பத்து நாள் போயிற்று. பழைய ஆட்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்களே, தேர்வு வைக்கும் அந்த மோட்டார் வாகன ஆய்வாளரை அன்றைக்குக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பத்து நாளும் வீட்டருகே பொட்டலில் சுண்ணாம்புப் பொடியில் எட்டு வரைந்து பழகினான். முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் ஊன்ற வேண்டிவரும். திரும்பப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும், முதல் கியர், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். இருபது வருடத்துக்கு முன் என் அப்பா எனக்குச் சொன்னது. இரண்டாம் முறை போனபோது கால் ஊன்றாமல் போட்டான்.

கார் தேர்வு மூன்று நிமிடம். டிரைவிங் ஸ்கூல் கார்தான். கொஞ்சம் நேராக, ஒரு திருப்பம், கொஞ்சம் ரிவர்ஸ். நான் கேட்டுக்கு வெளியே. இடது பக்கம் யார் கால் எந்தப் பெடலில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பாஸ்.

கார்டைக் கையில் தருவதில்லை, விரைவு அஞ்சலில்தான் வரும். வந்த அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. தபால் நிலையத்துக்கு ஒரு நடை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இன்னும் நிறுத்தவில்லை. பஸ், லாரி பக்கத்தில் போகும்போது அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தெரியாவிட்டால் நீ இருப்பது அவருக்கும் தெரியாது. இறங்கும்போது கதவை இடது கையால் திறக்க வேண்டும், உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருகிற வண்டி கண்ணில் படும். முதல் வாரம் மறந்தான். உரசிக்கொண்டு போன ஆட்டோக்காரர் திட்டியபின் மறக்கவில்லை.

போன ஞாயிறு ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு டவுன் பஸ். ஹேண்ட்பிரேக் போட்டான், ஹாஃப் கிளட்சில் நிறுத்தினான், ஹார்ன் அடித்ததைக் காதில் வாங்கவில்லை. ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் ஏற்றிவிட்டான். இறக்கத்தில் வந்தபின் சொன்னான்: "காலை எடும்மா, உன் பக்கம் பெடல் இல்ல."

அடுத்து இரவு ஓட்டம், அப்புறம் மழை. நண்பர்களை ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் கதை அதற்கும் பிறகுதான். சாவி இப்போதைக்கு என் கைப்பையில் இருக்கிறது.