பாப்பாவுக்கு எந்த பார்க்?

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை எங்கே கூட்டிப்போவது என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்துவிட்டது. மச்சானுக்கு வொண்டர்லாதான் வேண்டும். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் புதிதாக வந்திருக்கிறதே, அது. அவருக்கென்ன, ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்கிவிட்டு வருவார். பெரிய ரைடுகளுக்கெல்லாம் உயரக் கணக்கு உண்டு. ஒன்றரை வயது பாப்பாவைச் சுவரோரம் நிறுத்தி அளந்தால் 80 சென்டிமீட்டர், அதுவும் குதிகாலைத் தூக்கி நின்றால். ஆளுக்கொரு முறை கீழே நின்று டயப்பர் பையைக் காவல் காக்க வேண்டியதுதான்.

முட்டுக்காடு எம்ஜிஎம் தீம் பார்க்கும் பேச்சில் வந்தது. இந்த வெயிலுக்கு வேண்டாம்.

“கிண்டி சிறுவர் பூங்காவுல மான் காட்டினா போதாதா?” என்றார் அத்தை. நியாயம்தான். ஆனால் மச்சான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி மரைன் கிங்டம் என்று முடிவு. ஏசி இருக்கிறது, கண்ணாடிச் சுரங்கத்தில் தலைக்கு மேலேயே மீன் நீந்தும். மீன் தொட்டி வைத்த கடையைக் கண்டாலே “மீ! மீ!” என்று இடுப்பிலிருந்து பாய்கிறவள் அவள். காலையில் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். மதியத் தூக்கம் கலைந்தால் அப்புறம் திரும்பி வரும் ஈசிஆர் சாலை முழுக்க அவள் கச்சேரிதான்.

பருப்பு சாதம் டப்பாவில் ரெடி. மச்சான் இன்னும் பேசவில்லை.